சொந்த வண்டி: ராகேஷ் சர்மாவும் நாமக்கல் கல்லும்

இந்த எபிசோடுல ஒரு மனுஷனைப் பத்தியும் ஒரு கல்லைப் பத்தியும் பேசப் போறோம். மனுஷன், ராகேஷ் சர்மா. விண்வெளிக்குப் போன முதல் இந்தியர். கல்லு, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில கிடைக்கிற அனார்த்தசைட். ரெண்டுக்கும் நேரடியா எந்தச் சம்பந்தமும் இல்ல. சர்மா நிலவுக்குப் போகல, அவர் சுத்தி வந்தது பூமியை. ஆனா ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ரொம்ப நாளா எனக்குள்ள இருந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்குது. 1984-ல ஒருத்தரை மேல அனுப்பின நாடு, அடுத்த ஆளை அனுப்ப 2025 வரைக்கும் ஏன் காத்திருந்துச்சு?

நான் வளர்ந்தது நாமக்கல் பக்கம். சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்னு இந்த வட்டாரத்துல லாரித் தொழில் எப்படி வளர்ந்துச்சுன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். முதல்ல கிளீனரா வண்டி ஏறணும். தொழில் பழகி டிரைவர் ஆகணும். அப்புறம் பைனான்ஸ் போட்டு சொந்தமா ஒரு வண்டி. அந்த மூணாவது படியை எட்டுற வரைக்கும், எத்தனை மாநிலம் சுத்தியிருந்தாலும் ‘எப்போ கிளம்பணும்’னு முடிவு பண்றது இன்னொருத்தர்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

பைலட் ஆன பையன்

ராகேஷ் சர்மா 1949 ஜனவரி 13-ல பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவுல பிறந்தார். வளர்ந்தது, படிச்சது எல்லாம் ஹைதராபாத். 1966-ல தேசிய பாதுகாப்பு அகாடமியில சேர்ந்து, 1970-ல விமானப்படையில பைலட் ஆனார். அடுத்த வருஷமே பங்களாதேஷ் போர். மிக்-21 போர் விமானத்துல 21 முறை பறந்தார். அப்போ அவருக்கு இன்னும் 23 வயசு முடியல. அதுக்கப்புறம் டெஸ்ட் பைலட். அதாவது, புது விமானம் எந்த இடத்துல தடுமாறும், எந்த வேகத்துல சொன்ன பேச்சு கேக்காதுன்னு மத்தவங்க ஓட்டறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கிற ஆள்.

அந்தச் சமயத்துல சோவியத் யூனியன் ‘இன்டர்காஸ்மாஸ்’னு ஒரு திட்டம் வச்சிருந்துச்சு. நட்பு நாடுகள்ல இருந்து ஒவ்வொருத்தரைத் தங்களோட விண்கலத்துல கூட்டிட்டுப் போறது. செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, வியட்நாம், கியூபா எல்லாம் நமக்கு முன்னாடியே இப்படிப் போயிட்டு வந்துட்டாங்க. இந்தியாவுக்கும் அழைப்பு வந்துச்சு. விமானப்படை பைலட்டுகள்ல இருந்து கடைசியா ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க: ராகேஷ் சர்மா, ரவீஷ் மல்ஹோத்ரா.

தேர்வு சாதாரணமா இல்ல. பெங்களூர்ல விமானப்படை இடத்துல ஒரு அறைக்குள்ள 72 மணி நேரம் பூட்டி வச்சுப் பார்த்திருக்காங்க. மூடின சின்ன இடத்துல இருந்தா உள்ளுக்குள்ள பயம் கிளம்புதான்னு தெரிஞ்சுக்கத்தான். அப்புறம் மாஸ்கோ பக்கத்துல இருக்கிற ஸ்டார் சிட்டியில சுமார் 18 மாசம் பயிற்சி. முதல் வேலையே ரஷ்ய மொழி படிக்கிறதுதான். விண்கலத்துல இருக்கிற ஒவ்வொரு சுவிட்சும், தரையில இருந்து வர்ற ஒவ்வொரு கட்டளையும் ரஷ்ய மொழியில. அவசர நேரத்துல பக்கத்துல மொழிபெயர்ப்பாளர் உக்காந்திருக்க மாட்டார் இல்லையா?

எட்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு

1984 ஏப்ரல் 3. பைக்கனூர் ஏவுதளத்துல இருந்து சோயுஸ் டி-11 கிளம்புது. கமாண்டர் யூரி மாலிஷெவ், பொறியாளர் கென்னடி ஸ்ட்ரெகாலோவ், கூட நம்ம ஆள். அதே பயிற்சியை முழுசா முடிச்ச ரவீஷ் மல்ஹோத்ரா, மாற்று வீரரா தரையிலேயே இருந்தார். அவர் பேரு இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

மூணு பேரும் சல்யூட்-7 விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ஏற்கெனவே அங்க மூணு பேர் தங்கியிருந்தாங்க. சர்மாவுக்குச் சும்மா ஜன்னல் சீட்டு கொடுக்கல, கை நிறைய வேலை இருந்துச்சு. இந்திய நிலப்பரப்பை மேல இருந்து படம் எடுக்கணும். எடையில்லாத நிலையில உலோகக் கலவை எப்படி உறையுதுன்னு பார்க்கணும். விண்வெளியில வர்ற குமட்டல், தலைசுத்தலுக்கு யோகா உதவுமான்னு தன் உடம்புலயே பார்க்கணும். சாப்பாட்டுக்கு மைசூர்ல இருக்கிற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் ரவை அல்வா உள்பட நம்ம ஊர் ஐட்டங்களைப் பக்குவம் பண்ணி அனுப்பியிருந்துச்சு.

மேல இருந்து பார்க்கும்போது இந்தியா எப்படித் தெரியுதுன்னு இந்திரா காந்தி நேரலையில கேட்டதும், அதுக்கு அவர் இக்பால் எழுதின பாட்டோட வரியில பதில் சொன்னதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஏப்ரல் 11-ம் தேதி, மேல ஏற்கெனவே நின்னுக்கிட்டிருந்த சோயுஸ் டி-10 கலத்துல ஏறி கஜகஸ்தான் மண்ணுல இறங்கினார். மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிஷம். அசோக சக்ரா கிடைச்சுது. சோவியத் யூனியனோட நாயகன் பட்டமும் கிடைச்சுது.

இப்போ லாரிக்கு வருவோம். அந்தப் பயணத்துல வண்டி யாருது? ஏவுதளம் யாருது? கிளம்புற தேதியை முடிவு பண்ணது யாரு? சர்மா தன் வேலையைப் பிரமாதமா செஞ்சார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாடுங்கிற கணக்குல நாம விருந்தாளி. 1980-ல நம்ம எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில வச்சது பெரிய சாதனை. ஆனா அந்த ராக்கெட் தூக்கினது 40 கிலோ அளவு எடைதான். சர்மா போன சோயுஸ் கலம் ஏறக்குறைய 7 டன். 40 கிலோ எங்க, 7,000 கிலோ எங்க! அந்த இடைவெளிதான் 41 வருஷமா நீண்டுச்சு.

கேன்சல் ஆன சீட்டு

பல பேருக்குத் தெரியாத ஒரு சேதி சொல்றேன். சர்மாவுக்கு அடுத்ததா இன்னொரு இந்தியர் 1986-லயே போயிருக்க வேண்டியது. நம்ம இன்சாட்-1சி செயற்கைக்கோளை அமெரிக்க விண்வெளி ஓடத்துல ஏத்தி அனுப்ப ஒப்பந்தம் இருந்துச்சு. கூடவே ஒரு இந்தியரும் போகலாம். அதுக்காக இஸ்ரோவுல இருந்து ராதாகிருஷ்ணன், என்.சி. பட்னு ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. 1986 ஜனவரி 28-ல சேலஞ்சர் ஓடம் கிளம்பின 73-வது நொடியில வெடிச்சுச் சிதறி, அதுல இருந்த 7 பேரும் இறந்தாங்க. ஓடங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டுச்சு. நம்மவங்க பயணமும் அதோட போச்சு. இன்சாட்-1சி-யை 1988-ல ஐரோப்பிய ராக்கெட்டுல ஏத்தி அனுப்பினாங்க. செயற்கைக்கோளுக்கு வேற வண்டி கிடைச்சுது, மனுஷனுக்குக் கிடைக்கல.

அடுத்தவங்க வண்டி நின்னா நம்ம பயணமும் நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சர்மா என்ன பண்ணார்? திரும்பவும் விமானம் ஓட்டப் போயிட்டார். 1987-ல ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துல சேர்ந்து, நாசிக்ல தலைமை டெஸ்ட் பைலட்டா இருந்தார். அங்க ஒரு மிக்-21 சோதனைப் பறத்தல்ல விமானம் கை விட்டுப் போக, இருக்கையோட வெளியே குதிச்சு உயிர் தப்பினார். 1992-ல பெங்களூர் வந்து அங்கேயும் அதே பொறுப்பு. 2001-ல பறக்கிறதுல இருந்து ஓய்வு. அப்புறம் குடியேறினது நம்ம நீலகிரியில, குன்னூர்ல.

யோசிச்சுப் பாருங்க. உலகமே கொண்டாடின அந்தப் பயணம் எட்டு நாளுக்கும் குறைவு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா முப்பது வருஷம், யாரும் கேமரா வைக்காத இடத்துல, ஒவ்வொரு நாளும் விமானத்தைச் சோதிச்சுப் பார்க்கிற வேலை. ‘முதல் ஆள்’ங்கிற பட்டம் அவருக்கு ஒரு வாரத்துல வந்துடுச்சு. நாடு அனுப்புற ரெண்டாவது ஆள் வந்தாத்தானே அந்த ‘முதல்’ங்கிற சொல்லுக்கே முழு அர்த்தம்? அதுக்கு அவர் 76 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

இஸ்ரோ சும்மா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை, பயிர் கணக்கெடுப்பு, இதுக்கெல்லாம் செயற்கைக்கோள் வேணும், மனுஷன் மேல போறது அப்புறம் பார்த்துக்கலாம்னு நாடு முடிவு எடுத்துச்சு. விக்ரம் சாராபாய் போட்ட பாதை அது. இன்னொரு பக்கம், கனமான எடையைத் தூக்குற கிரையோஜெனிக் இன்ஜின். அந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாகிட்ட வாங்க ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்க எதிர்ப்பால 1993-ல அது நின்னு போச்சு. நாமளே செஞ்ச கிரையோஜெனிக் இன்ஜினோட ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றியா பறந்தது 2014 ஜனவரியில. இருபது வருஷம்! திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில நடந்த சோதனைகளுக்கு அதுல பெரிய பங்கு.

மண்ணையே விலைக்கு வாங்கணுமா?

இன்ஜினை அடுத்தவங்ககிட்ட வாங்குறது புரியுது. மண்ணை வாங்குவாங்களா? வாங்குவாங்க. இங்கதான் நாமக்கல் உள்ள வருது.

நிலவுல ஒரு லேண்டரை இறக்கணும், அதுக்குள்ள இருந்து ஒரு ரோவர் இறங்கி ஓடணும்னா, முதல்ல பூமியில ஓட்டிப் பார்க்கணும். சாதாரண மணல்ல ஓட்டினா பிரயோஜனம் இல்ல. நிலவுல காத்தும் இல்ல, ஆறும் இல்ல. பரமத்தி வேலூர்ல காவிரி மணலைக் கையில எடுத்தீங்கன்னா, தண்ணி உருட்டி உருட்டி அதோட முனையெல்லாம் மழுங்கியிருக்கும். நிலவுத் தூளை உருட்ட ஆளே இல்ல. விண்கற்கள் மோதி நொறுங்கினது நொறுங்கின மாதிரியே, கூர் கூரா கிடக்கு. சக்கரம் அதுல எவ்வளவு புதையும், எங்க வழுக்கும்ங்கிறது வேற கணக்கு.

இன்னொரு சிக்கல், எந்தக் கல்லோட தூள்ங்கிறது. பௌர்ணமி அன்னிக்கு நிலாவைப் பார்த்தா பாட்டி வடை சுடுறாள்னு சின்ன வயசுல காட்டுவாங்க இல்லையா? அந்தக் கருப்புத் திட்டு முழுக்க எரிமலைக் குழம்பு பரவி உறைஞ்ச பசால்ட் பாறை. அதைச் சுத்திப் பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியுற மேட்டு நிலம்தான் அனார்த்தசைட். வெளிநாட்டுல தயார் பண்ணி வச்சிருந்த மாதிரி மண்ல பெரும்பாலும் கருப்புத் திட்டு வகை. சந்திரயான்-2 இறங்க வேண்டியதோ வெள்ளை மேட்டு நிலத்துல.

விலை? கிலோவுக்குச் சுமார் 150 டாலர். இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது 60, 70 டன். 60 டன்னுன்னு வச்சாலே 90 லட்சம் டாலர். மண்ணுக்கு!

இந்த இடத்துலதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோட புவியமைப்பியல் துறை முக்கியமாகுது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் இருக்கிற பாறை அனார்த்தசைட்னு புவியியல்காரங்களுக்கு முன்னாடியே தெரியும். 1956-லயே ஏ.பி. சுப்பிரமணியம் இந்தச் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பத்தி அமெரிக்க ஆய்விதழ்ல விரிவா எழுதியிருக்கார். அதுல ஊர் ‘சேலம் மாவட்டம்’னுதான் இருக்கும். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல.

அனார்த்தசைட் உலகத்துல வேற இடங்கள்லயும் இருக்கு. சித்தம்பூண்டிக்கு என்ன தனிச்சிறப்புன்னா, இதுல கால்சியம் ரொம்ப அதிகம். நிலவுப் பாறையும் அப்படித்தான். மத்த இடங்கள்ல கிடைக்கிறதுல பெரும்பாலும் சோடியம் கலந்திருக்கும். சுமார் 250 கோடி வருஷப் பழமையான பாறை இது. நம்ம ஆளுங்க அது மேல நின்னு ஆடு மேய்ச்சிருப்பாங்க!

பேராசிரியர் எஸ். அன்பழகன் தலைமையில பெரியார் பல்கலைக்கழகக் குழு, இஸ்ரோவோட பெங்களூர் செயற்கைக்கோள் மையம், திருச்சி என்ஐடி மூணும் சேர்ந்து வேலை பண்ணாங்க. பாறையை எடுத்து, சேலத்துல கிரஷர்ல அரைச்சு, அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த உண்மையான நிலவு மண்ணோட தூள் அளவுக்குச் சரியா வர்ற மாதிரி கலந்து, பெங்களூருக்கு அனுப்பினாங்க. 2012-ல இருந்து இப்படிப் போனது சுமார் 50 டன். இந்தச் செய்முறைக்கு 2014-ல காப்புரிமை கேட்டு விண்ணப்பம், 2020-ல காப்புரிமையும் கிடைச்சுது.

பெங்களூர்ல அந்த மண்ணைப் பரப்பி, நிலவுல வெயில் விழுற மாதிரி வெளிச்சம் அமைச்சு, ரோவரை ஓட்டிப் பார்த்தாங்க. நிலவுல எடை ஆறுல ஒரு பங்குதானே? அதுக்காக ரோவரை ஹீலியம் பலூன்ல கட்டி, பாரத்தைக் குறைச்சு ஓட்டினாங்க.

தொட முடியாத மண், தொட்ட மண்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 லேண்டர் கடைசிக் கட்டத்துல கட்டுப்பாட்டை இழந்து நிலவுல மோதிடுச்சு. வேகத்தைக் குறைக்கிற கட்டத்துல வந்த கோளாறு அது. இத்தனை வருஷம் நாமக்கல் மண்ல ஓடிப் பழகின சக்கரத்துக்கு, நிஜ மண்ணைத் தொட வாய்ப்பே கிடைக்கல.

திரும்பவும் தரைக்கு வந்தாங்க. கால்களைப் பலப்படுத்தினாங்க. இறங்குற இடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்துல இருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்னு பெருசாக்கினாங்க. லேண்டரோட காலை மாதிரி நிலவு மண் மேலயே வெவ்வேறு விதமா இறக்கிச் சோதிச்சாங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6:04-க்கு சந்திரயான்-3 நிலவுல நின்னுச்சு.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். பிரக்யான் ரோவர் 100 மீட்டர் தூரம் ஓடி, 23 இடத்துல மண்ணைச் சோதிச்சுது. அந்த முடிவுகள் 2024 ஆகஸ்ட்ல ‘நேச்சர்’ இதழ்ல வந்துச்சு. மண்ணோட கூறு என்ன தெரியுமா? பெரும்பாலும் அனார்த்தசைட் வகை. எந்த வகை மண்ணுன்னு கணிச்சு சித்தம்பூண்டிக்கு வந்தாங்களோ, நிலவுல அதே வகைதான் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். நாமக்கல் கல்லு நிலவுல இருந்து விழுந்தது இல்ல. வாட்ஸ்அப்ல அப்படி வந்தா நம்பாதீங்க. நிலவு பிறந்த புதுசுல மொத்தமும் உருகின குழம்பாக் கிடந்து, லேசான படிகங்கள் பால் மேல ஆடை மாதிரி மிதந்து உறைஞ்சதுதான் அங்க இருக்கிற அனார்த்தசைட். இங்க இருக்கிறது பூமிக்குள்ள உருவாகி, ஆழத்துல அழுத்தம், சூடு எல்லாம் பட்டு மேல வந்தது. பிறந்த கதை வேற, சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணு.

மூணாவது படி

2025 ஜூன் 25. சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்துல கிளம்பினார். விண்வெளியில பூமியைச் சுத்தி வந்த ரெண்டாவது இந்தியக் குடிமகன், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ள போன முதல் இந்தியர். அவர் பிறந்தது 1985 அக்டோபர்ல, சர்மா போயிட்டு வந்து ஒன்றரை வருஷம் கழிச்சு. ஜூலை 15-ல பத்திரமாத் திரும்பினார். விண்கலத்துக்கு அவர்தான் பைலட். ஆனா அது அமெரிக்க நிறுவனத்தோட வண்டி. இந்தியா காசு கொடுத்து சீட்டு வாங்குச்சு. விருந்தாளியில இருந்து டிக்கெட் எடுத்த பயணி ஆயிட்டோம். தொழில் பழக அதுவும் ஒரு வழிதான்.

சொந்த வண்டி, ககன்யான். நாலு பேர் தயாரா இருக்காங்க: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இதுல அஜித் கிருஷ்ணன் பிறந்தது சென்னையில. குன்னூர் பக்கத்துல வெலிங்டன் ராணுவக் கல்லூரியில படிச்சவர். நாலு பேருமே டெஸ்ட் பைலட்டுகள். 2020-ல ரஷ்யாவுக்குப் போய், சர்மா பழகின அதே ஸ்டார் சிட்டியில பழகிட்டு வந்தாங்க. ஆனா இந்த முறை கிளம்பப் போறது பைக்கனூர் இல்ல, ஸ்ரீஹரிகோட்டா.

வண்டியும் மெதுவாத்தான் தயாராகுது. வீரர்கள் உக்கார்ற கலத்தை ஆள் இல்லாம 2014 டிசம்பர்ல மேல அனுப்பி, கடல்ல இறக்கிப் பார்த்தாங்க. ஆபத்துன்னா வீரர்களைத் தனியாப் பிச்சு எடுக்கிற அமைப்பை 2018-லயும் 2023 அக்டோபர்லயும் சோதிச்சாங்க. ‘ஏன் இவ்வளவு தாமதம்?’னு நம்மளும் கமென்ட்ல கேக்குறோம். சேலஞ்சரோட 73 நொடியை ஞாபகம் வச்சுக்கிட்டுக் கேட்டா, கேள்வியோட தொனி கொஞ்சம் மாறும்.

இந்த எபிசோடைக் கேக்கிற நிறைய பேர் காலேஜ்ல இருப்பீங்க, இல்ல முதல் வேலையில இருப்பீங்க. ‘விண்வெளித் துறை நமக்கெல்லாம் எட்டாது, அது வேற ஆளுங்க உலகம்’னு ஒரு நினைப்பு இருக்கும். ஒரு புவியியல் துறை, ஒரு கிரஷர், சேலத்துல இருந்து தருமபுரி, ஓசூர் வழியா பெங்களூர் போற ரோடு, இவ்வளவும் அந்தத் துறைக்குள்ளதான் இருக்கு. மேல போறது நாலு பேர். அவங்க போறதுக்கான வேலை நடக்கிறது முழுக்கத் தரையில.

அடுத்த பௌர்ணமிக்கு மொட்டை மாடிக்குப் போங்க. வடை சுடுற பாட்டியை விட்டுடுங்க. அவளைச் சுத்தி வெள்ளையா இருக்கே, அதைப் பாருங்க. அதே வகை கல்லு, சித்தம்பூண்டியில வெயில்ல காய்ஞ்சுக்கிட்டிருக்கு.